பேரனுக்கு ஒரு பேரேடு

முன்பெல்லாம் மாலை ஆறு மணிக்கு எங்கள் கட்டடத்தில் இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று முருகன் கோயில் மணி. மற்றது என் பேரனின் அலறல். மணி சீக்கிரம் நின்றுவிடும்.

மும்பை செம்பூரில் சேடா நகர் பக்கம் முப்பத்தோரு வருஷமாக இருக்கிறோம். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் அருகே. நான் ரயில்வே கணக்குப் பிரிவில் முப்பத்தாறு வருஷம் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன். மகளும் மாப்பிள்ளையும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குத்தான் வீடு. அதனால் பகல் முழுக்கப் பிள்ளை என்னிடமும் அவன் ஆச்சியிடமும்தான். இரண்டே முக்கால் வயதில் அவனுக்கு ஆட்டிசம் என்று சொன்னார்கள். அப்போது வாயில் ஒரு வார்த்தை கிடையாது. இப்போது அவனுக்கு ஏழு வயது. இடைப்பட்ட காலத்தில் ஏ.பி.ஏ. (அப்ளைட் பிஹேவியர் அனாலிசிஸ்) என்கிற, நடத்தையை ஆராய்ந்து கற்பிக்கும் முறையைப் பற்றி நான் படித்ததும், அடிபட்டுத் தெரிந்துகொண்டதும் கொஞ்சம் உண்டு. பேரப்பிள்ளையை வைத்துக்கொண்டு திண்டாடும் என் போன்ற கிழவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

இந்தப் பயிற்சிக்காக முதலில் போன சென்டரின் பெயர் வேண்டாம். சின்ன அறை, சின்ன மேசை. நாங்கள் வெளியே உட்கார வேண்டும். உள்ளே "என்னைப் பார்", "கையை மடியில் வை" என்று ஓயாமல் குரல். பார்த்தால் ஒரு கலர் மிட்டாய். அவனுக்குச் சந்தோஷம் வந்தால் இரண்டு கையையும் சிறகு மாதிரி உதறுவான். அதை நிறுத்துவதுதான் முதல் இலக்கு என்று காகிதத்தில் எழுதியிருந்தார்கள். மூன்று மாதத்தில் அவன் கற்றது ஒன்றே ஒன்று: அந்தக் கட்டடத்தின் லிஃப்டைக் கண்டதும் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் படுத்துவிடுவது. ஏ.பி.ஏ. என்றால் இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நிறுத்திவிட்டோம்.

நாலு மாதம் கழித்து, மகள் விசாரித்து, இதே முறையில் பயிற்சி தரும் ஒரு மராத்திப் பெண்ணை வீட்டுக்கு வரச் சொன்னாள். வாரம் இரண்டு நாள், இரண்டிரண்டு மணி நேரம். என்னை 'ஆஜோபா' என்று கூப்பிடுவார். மராத்தியில் தாத்தா. அவர் முதல் மூன்று வாரம் எதையுமே கற்றுக்கொடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, அவன் எதை எடுக்கிறானோ அதையே அவரும் எடுத்து விளையாடினார். குக்கர் கேஸ்கெட்டைச் சுழற்றிவிட்டால் அவனுக்கு உயிர். அவரும் இன்னொரு கேஸ்கெட்டைக் கொண்டுவந்து சுழற்றினார். விளையாடுவதற்கா இவ்வளவு பணம் என்று நான் உள்ளே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். நாலாவது வாரம், வாசல் மணி அடித்ததும் பையனே ஓடிப்போய்க் கதவருகே நின்றான். "இனி ஆரம்பிக்கலாம்" என்றார். பிள்ளைக்கு நம்மைப் பிடித்த பிறகுதான் பாடம். பிறகுதான் தெரிந்தது, அதற்கு இந்தத் துறையிலேயே ஒரு பெயர் இருக்கிறது, பேரிங் என்பார்கள்.

அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஆஜோபா, நீங்கள் கணக்கு ஆள். எனக்கு ஒரு கணக்கு எழுதித் தருவீர்களா?" என்று இந்தியில் கேட்டார்.

பழைய நீள நோட்டு ஒன்று பரணில் இருந்தது. மூன்று கட்டம் போடச் சொன்னார். அலறலுக்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அடுத்து என்ன நடந்தது. ஆங்கில எழுத்தில் ஏ, பி, சி. முன்நிகழ்வு, நடத்தை, பின்விளைவு என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் நான் எழுதியதை அப்படியே அடித்துவிட்டார். "அடம் பிடித்தான்", "கோபப்பட்டான்" என்று எழுதியிருந்தேன். கோபம் உங்கள் கண்ணுக்குத் தெரிந்ததா? கேமரா வைத்தால் அதில் எது பதிவாகுமோ அதை மட்டும் எழுதுங்கள் என்றார். ஆகவே அலறல் என்றால் எது என்று முதலில் வரையறுத்தோம். கதவு சாத்திய அடுத்த அறைக்குக் கேட்க வேண்டும், மூன்று விநாடிக்கு மேல் நீள வேண்டும். சிணுங்கல் கணக்கில் சேராது. இப்படி வரையறுத்துக்கொண்டதில் இன்னொரு நன்மையும் இருந்தது. "இன்னைக்குப் பூரா கத்திக்கிட்டே இருந்தான்" என்று ஆச்சி சொல்லும் நாளில், நோட்டைப் பார்த்தால் நாலு முறைதான் இருக்கும். எல்லாம் சேர்ந்து பதினோரு நிமிஷம்.

ஒன்பது நாளில் நாற்பத்தோரு வரி. ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து மூன்றாவது கட்டத்தை மட்டும் விரலால் தடவிக்கொண்டே போனார். பத்தொன்பது இடத்தில் "போன் கொடுத்தேன்". பன்னிரண்டில் "குளியலை விட்டுவிட்டோம்" அல்லது "தட்டை எடுத்துவிட்டோம்". ஆறில் "ஆச்சி தூக்கிக்கொண்டாள்". மீதி நாலுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

எல்லாம் என் கையெழுத்து. எத்தனையோ பேர் கணக்கில் தப்பு பிடித்தவன் நான். அன்றைக்கு என் கணக்கிலேயே மாட்டிக்கொண்டேன்.

ஒரு நடத்தை நீடிக்கிறது என்றால் அதனால் ஏதோ ஒரு வரவு இருக்கிறது என்பதுதான் இந்தத் துறையின் அடிப்படை. வரவு பெரும்பாலும் நாலு வகையில் அடங்கும்: வேண்டிய பொருள் கிடைப்பது, வேண்டாத வேலையிலிருந்து தப்பிப்பது, யாராவது கவனிப்பது, உடம்புக்குள்ளேயே கிடைக்கும் ஒரு சுகம் அல்லது நிவாரணம். காதுக்கு ஒரே அலறலாகக் கேட்டாலும் மாலை ஆறு மணி அலறல் போனுக்காக, காலை ஒன்பது மணி அலறல் குளியலிலிருந்து தப்பிக்க. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் ஒன்று குறையும், மற்றது கூடும். குளிக்க மாட்டேன் என்று அலறுகிறவனை 'போய் மூலையில் உட்கார்' என்று தண்டித்தால் அவனுக்கு அது பரிசு, குளியல் தப்பியதே.

பிடிபடாத அந்த நாலு வரியையும் தள்ளிவிடக்கூடாது என்றார். நாலும் இரவில், படுத்த பிறகு. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டினோம். இடது காதில் சீழ். சொல்லத் தெரியாத பிள்ளை வேறு எப்படிச் சொல்வான்? அலறல், தலையை முட்டிக்கொள்வது, சாப்பிட மறுப்பது என்று எது புதிதாகத் தொடங்கினாலும் முதலில் பல், காது, வயிறு. நடத்தை ஆராய்ச்சி எல்லாம் அதற்குப் பிறகு.

இனி கொஞ்சம் பாடம். எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது, நானும் விழுந்தேன். நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் என்றதும் தண்டனை என்று நினைத்துவிட்டேன். இங்கே பாசிட்டிவ், நெகட்டிவ் என்பதற்கு நல்லது கெட்டது என்று அர்த்தம் இல்லை. கணக்கில் வரும் கூட்டல் கழித்தல்தான். ஒரு நடத்தைக்குப் பின் ஏதாவது வந்து சேர்ந்தால் கூட்டல், இருந்தது ஏதாவது விலகினால் கழித்தல். அதனால் அந்த நடத்தை இனிமேல் கூடினால் வலுவூட்டல், அதுதான் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்; குறைந்தால் தண்டனை. இரண்டையும் குறுக்கும் நெடுக்கும் போட்டால் நாலு கட்டம் வரும். பெயரை முடிவு செய்வது நம் எண்ணம் அல்ல, விளைவு.

எங்கள் ஆறு மணிக் காட்சியை இந்தக் கட்டங்களில் வைத்துப் பாருங்கள். அவன் அலறுகிறான், போன் வந்து சேர்கிறது, அலறல் கூடுகிறது: பாசிட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். நான் போன் கொடுக்கிறேன், காதைக் கிழிக்கும் சத்தம் விலகுகிறது, அடுத்த நாள் நான் இன்னும் சீக்கிரம் கொடுக்கிறேன்: நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். அவனுக்குக் கூட்டல், எனக்குக் கழித்தல், இரண்டு பேருக்கும் பழக்கம் கெட்டியாகிறது. நான் அவனைப் பழக்குவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் என்னை நன்றாகவே பழக்கியிருந்தான்.

விளைவுதான் பெயர் வைக்கும் என்பதற்கு இன்னொரு சம்பவம். அவன் தானாக ஸ்பூனில் பருப்பு சாதம் எடுத்து வாயில் வைத்தால் நான் "சபாஷ்டா ராசா!" என்று கைதட்டுவேன். நோட்டில் ஸ்பூன் எண்ணிக்கை நாளுக்கு நாள் குறைந்தது. பதினான்கு, பத்து, ஆறு. கைதட்டல் சத்தம் அவன் காதுக்கு ஆகவில்லை. என் பாராட்டு அவனுக்குத் தண்டனையாக இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு வாய்க்குள் "நல்லாருக்கு" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தேன், எண்ணிக்கை ஏறியது. மனசு கஷ்டப்பட்டதுதான். நாற்பது வருஷமாகத் தட்டிய கை.

அந்த வாரம் ஒரு பெரிய தப்பு செய்தோம். காரணம் போன் என்று தெரிந்துவிட்டது, இனி கொடுக்காவிட்டால் சரியாகிவிடும் என்று நானே தீர்மானித்துப் போனை பீரோவில் வைத்துப் பூட்டினேன். வலுவூட்டலை நிறுத்துவதை எக்ஸ்டிங்ஷன் என்பார்கள். விளக்கை அணைப்பது போல, அணைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். அணையப் போகிற விளக்கு சுடர்விட்டு எரியும் என்பது நமக்குத் தெரியாததா? லிஃப்ட் பட்டனை ஒரு முறை அழுத்தி வரவில்லை என்றால் நாம் உடனே படியேறுகிறோமா? நாலு முறை அழுத்தி, ஓங்கிக் குத்தி, கதவையும் தட்டிப் பார்த்த பிறகுதான் படி. அவனும் அதையே செய்தான். பத்து நிமிஷம் அலறினான், இருபது நிமிஷம், பிறகு தலையைச் சுவரில் முட்டினான். பக்கத்து வீட்டு குஜராத்தி அம்மாள் வந்து மணி அடித்தார். முப்பத்தைந்தாவது நிமிஷத்தில் ஆச்சி பீரோவைத் திறந்துவிட்டாள்.

அவளை நான் குற்றம் சொல்லவில்லை. முட்டிய நெற்றியைப் பார்த்துக்கொண்டு யாரால் நிற்க முடியும்? ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? முப்பத்தைந்து நிமிஷம் அலறி, தலையையும் முட்டினால் கிடைக்கும் என்று நாங்களே கற்றுக்கொடுத்துவிட்டோம். எப்போதாவது ஒரு தடவை கிடைப்பது, எப்போதும் கிடைப்பதைவிடப் பழக்கத்தைக் கெட்டிப்படுத்தும். இந்த ஊரில் மட்கா என்ற சூதாட்டம் ஆடி வீட்டைத் தொலைத்தவர்கள் ஒவ்வொரு நாளும் ஜெயித்ததாலா ஆடினார்கள்?

அந்த மராத்திப் பெண்ணுக்கு நிஜமாகவே கோபம் வந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. "அவனிடம் இருந்தது ஒரே ஒரு மொழி. அதைப் பிடுங்கிவிட்டு வேறு ஒன்றும் கொடுக்காமல் இருந்தீர்கள்" என்றார். அலறலுக்குப் பதிலாக, அதே பலனைத் தரும், அதைவிடச் சுலபமான வேறொரு வழியைக் கற்றுக்கொடுக்காமல் அணைப்பில் கை வைக்கக்கூடாது. 1985-இல் கார், டுராண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் எதற்காகத் தொல்லை கொடுக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அதையே கேட்க ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்ததும் தொல்லை குறைந்தது.

எங்கள் வீட்டில் அந்தச் சொல் ஒரு அட்டை. போன் படம் ஒட்டிய அட்டையை ஃபிரிட்ஜில் காந்தத்தால் மாட்டினோம். அதை எடுத்து என் கையில் கொடுத்தால் இரண்டு விநாடிக்குள் போன், ஐந்து நிமிஷத்துக்கு. முதலில் அட்டையை அவன் கையில் வைத்து, அவன் கையைப் பிடித்து என் கையில் கொடுக்க வைத்தோம். மூன்றாவது நாள் தானாகவே கொடுத்தான். அப்புறம் நடந்தது வேடிக்கை. ஒரே நாளில் முப்பத்தெட்டு முறை கொடுத்தான். மகளுக்கு எரிச்சல்: "அப்பா, இது போனுக்கு அடிமை ஆக்கிற வேலை இல்லையா?" எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் முதலில் ஒவ்வொரு முறையும் கொடுத்தே ஆக வேண்டும், அட்டைக்கு மதிப்பு இருக்கிறது என்று அவன் நம்பும்வரை. ரூபாய் நோட்டை வங்கி ஏற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கை மாதிரி. பிறகு மெதுவாக "பொறு" என்ற சொல்லையும் ஒரு மணல் கடிகாரத்தையும் நுழைத்தோம். ஐந்து விநாடி, இருபது விநாடி, ஒரு நிமிஷம், மூன்று நிமிஷம். ஏழாவது வாரம் மாலை அலறல் நாளுக்கு ஒன்றுக்கும் கீழே.

இதற்கிடையே முன்நிகழ்வுக் கட்டத்தையும் பார்த்தோம். ஆறு மணிக்கு என்ன நடக்கிறது? நான் டீயோடு செய்திச் சானல் முன் உட்காருவேன், ஆச்சி விளக்கேற்றப் போவாள். அவனுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. ஐந்தே முக்காலுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு செம்பூர் ஸ்டேஷன் நடைமேம்பாலத்துக்குப் போக ஆரம்பித்தேன். ஹார்பர் லைனில் வண்டி வருவதும் போவதும் அவனுக்கு கேஸ்கெட்டுக்குச் சமம். பாதிப் பிரச்சினை அதிலேயே போனது. அலறலுக்குப் பின் என்ன செய்வது என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, அலற வேண்டிய அவசியம் வராமல் செய்வது மலிவு. செய்திச் சானல் போனதில் எனக்கும் ரத்த அழுத்தம் கொஞ்சம் தேவலை.

பேச்சுக்கு வருகிறேன். 1957-இல் ஸ்கின்னர் என்ற உளவியலாளர், பேச்சையும் ஒரு நடத்தையாக எடுத்துக்கொண்டு, எதற்காகச் சொல்கிறோம் என்பதை வைத்துப் பிரித்தார். 'தண்ணி' என்ற ஒரே சொல்லைத் தாகத்தில் கேட்டால் அது ஒரு வகை, மாண்ட் என்பார்கள். குழாயைப் பார்த்துச் சொன்னால் வேறு வகை, அது டாக்ட். நாம் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் எக்கோயிக். 'என்ன குடிப்பாய்' என்ற கேள்விக்குப் பதிலாகச் சொன்னால் இன்ட்ராவெர்பல். பெரியவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். இவனைப் போன்ற பிள்ளைகளுக்குத் தனித்தனி. நாங்கள் செய்த தவறு, படப் புத்தகத்தை விரித்து "இது என்ன, இது என்ன" என்று கேட்டுக்கொண்டிருந்தது. சொன்னால் அவனுக்கு என்ன லாபம்? வேண்டியதைக் கேட்பதுதான் முதலில். கேட்டால் கிடைக்கும், கிடைத்தால் மறுபடி கேட்பான்.

ஆச்சி சுட்ட முறுக்கை, கண்ணாடி போலத் தெரியும் டப்பாவில் போட்டு, அவனால் திறக்க முடியாதபடி மூடி, அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தோம். டப்பாவைக் கொண்டுவந்து என் மடியில் போடுவான். நான் அவனைப் பார்த்து மனசுக்குள் ஐந்து எண்ணுவேன். அந்த ஐந்துதான் இந்த முறையிலேயே கடினமான பகுதி. இரண்டு எண்ணுவதற்குள் ஆச்சி "பாவம், தொறந்து குடுங்களேன்" என்பாள். நானோ மூன்றில் "தொற, தொற சொல்லு" என்று ஆரம்பித்துவிடுவேன். அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்காலில் விரலால் தாளம் போட்டு எண்ண வைத்தார். ஐந்து முடிந்தால் ஒரே ஒரு முறை "தொ…" என்று பாதியில் நிறுத்த வேண்டும். பதினேழாவது நாள் "தொ" என்றான். திறந்தேன். ஒரு மாதத்தில் அது "தொற" ஆனது. கிட்டத்தட்ட வந்தாலே முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தத்தைக் கூட்டுவதற்கு ஷேப்பிங் என்று பெயர். ஆச்சி அன்றைக்கு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, ஆனால் நோட்டில் நேரத்தை எழுதிவிட்டுத்தான் துடைத்தேன்.

இப்படிச் செய்யும் உதவிகளுக்கு ப்ராம்ப்ட் என்பார்கள். கையைப் பிடித்துச் செய்ய வைப்பது, விரலால் காட்டுவது, முதல் எழுத்தைச் சொல்வது எல்லாம் இதில் அடக்கம். கொடுப்பது சுலபம், எடுப்பதுதான் வித்தை. "செருப்பை எடு" என்று சொல்லும்போதே நான் செருப்பைப் பார்ப்பேன். அவன் செருப்பைப் பார்க்கவில்லை, என் கண்ணைப் பார்த்திருக்கிறான். ஒரு நாள் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னேன். நான் பார்த்த பக்கம் இருந்த துடைப்பத்தை எடுத்துவந்தான். மூன்று மாதமாக 'செருப்பு தெரியும்' என்று நாங்கள் எழுதிவந்த கணக்கு முழுக்கத் தப்பு.

டிரவுசர் போடக் கற்றுக்கொடுத்தது பின்னிருந்து. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தோம்: எடுப்பது, முன்பக்கம் கண்டுபிடிப்பது, ஒரு கால், இன்னொரு கால், முழங்கால்வரை, இடுப்புவரை. முதல் ஐந்தையும் நாங்கள் செய்துவிட்டு, கடைசி இழுப்பு மட்டும் அவனுக்கு. இழுத்ததும் கதவு திறக்கும், பாலத்துக்குப் போகலாம். அது கைவந்ததும் கடைசி இரண்டும் அவனுக்கு, அப்புறம் மூன்று. முன்னிருந்து தொடங்கியிருந்தால் முதல் படியில் அவனுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. பின்னிருந்து என்பதால் ஒவ்வொரு முறையும் முடித்த சந்தோஷம் அவனுடையது. பேக்வர்ட் செயினிங். ஒன்பது வாரம் ஆனது. அவசரத்தில் நானே மாட்டிவிட்ட நாட்களையும் நோட்டில் எழுதியிருக்கிறேன், பதினோரு நாள்.

"சோறு முடிச்சா மொட்டை மாடி" என்று ஆச்சி எந்தப் படிப்பும் இல்லாமல் சொல்லிவந்ததற்கு, டேவிட் ப்ரீமாக் என்பவர் 1959-இல் விதியே எழுதியிருக்கிறார்: அதிகம் செய்ய விரும்புவதைக் கொண்டு, குறைவாகச் செய்ய விரும்புவதை வலுவூட்டலாம். பாட்டி விதி என்றே அதற்குச் செல்லப் பெயர். ஒரே திருத்தம்: ஆச்சி "முடிக்கலேன்னா மாடி கிடையாது" என்று பாதி நாள் மிரட்டலாகச் சொல்வாள். "முதல்ல சோறு, அப்புறம் மாடி" என்று இரண்டு படமாக ஒட்டியதும் குரல் உயர்த்த வேண்டிய தேவை போனது. ஆனால் மொட்டை மாடி ஏற்கெனவே இரண்டு முறை போய்வந்த நாளில் இந்தச் சரக்கு விலை போகாது. வயிறு நிறைந்தவனுக்கு விருந்து காட்டி என்ன பயன்?

மொழி பற்றிக் கேட்காதவர் இல்லை. வீட்டில் தமிழ், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணோடு மராத்தி, லிஃப்டில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம். ஒரே மொழி பேசுங்கள், அதுவும் ஆங்கிலம் பேசுங்கள் என்று எங்களுக்கும் ஒருவர் சொன்னார். ஆச்சி ஒரு மாதம் "கம், ஈட்" என்று கஷ்டப்பட்டாள். பிள்ளையிடம் பேசுவதே குறைந்துவிட்டது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பேச்சு மேலும் தாமதமாகிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை என்று மகள் படித்துச் சொன்ன அன்றே ஆங்கிலத்தை மூட்டை கட்டினோம். அந்த மராத்திப் பெண்ணும் 'தொற', 'தா', 'பொறு', 'வேணாம்' என்று தமிழில்தான் கற்பித்தார். அவர் வாயில் அது 'தோரா' என்று வரும், பரவாயில்லை.

வீட்டில் "தண்ணி" கேட்டவன் கோயிலில் தாகத்தோடு நின்று அழுதான். கற்ற இடத்திலேயே கல்வி தங்கிவிடுவது இவர்களிடம் சகஜம். ஆகையால் முருகன் கோயில் படிக்கட்டில் ஒரு பாட்டில், வடா பாவ் கடையில் ஒரு பாட்டில், பாலத்தில் ஒரு பாட்டில் என்று மாற்றி மாற்றிக் கேட்க வைத்தோம். கொடுக்கிற ஆளையும் மாற்றினோம். வாட்ச்மேன், மாப்பிள்ளை, குஜராத்தி அம்மாள். 1968-இல் பேயர், வுல்ஃப், ரிஸ்லி என்ற மூன்று ஆய்வாளர்கள் இந்தத் துறைக்கு ஏழு அடையாளங்கள் எழுதிவைத்தார்கள். வேறு இடத்துக்கும் வேறு ஆளுக்கும் பரவ வேண்டும் என்பது அதில் ஒன்று. இன்னொன்று, கற்பிப்பது அந்த மனிதனுக்கு உண்மையில் பயன்பட வேண்டும் என்பது. அந்த முதல் சென்டரை நினைத்தால் எனக்கு இந்த இரண்டாவதுதான் உறுத்துகிறது. கையை மடியில் வைப்பதால் யாருக்குப் பயன்?

இந்த முறையின் பழைய கதை அழகானது அல்ல. லோவாஸ் என்ற உளவியலாளர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் நாற்பது மணி நேரம் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர் மற்றவர்களைப் போலப் பள்ளியில் படிக்கும் நிலைக்கு வந்தார்கள் என்று எழுதினார். அதை வைத்துத்தான் இன்றும் 'நாற்பது மணி நேரம்' என்று பயமுறுத்துகிறார்கள். அந்தப் பயிற்சியில் அதட்டலும் தொடையில் அடியும் இருந்ததைச் சொல்வதில்லை, யாருக்கு இந்தப் பயிற்சி, யார் ஒப்பிட்டுப் பார்க்க என்று பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை என்பதையும் சொல்வதில்லை. பிள்ளைப் பருவத்தில் இத்தகைய பயிற்சியில் வளர்ந்த ஆட்டிசம் உள்ளவர்கள் பலர், இப்போது பெரியவர்களாகி, கை உதறுவதை அடக்க வைத்ததும் கண்ணைப் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதும் தங்களுக்கு எவ்வளவு வலித்தது என்று எழுதுகிறார்கள். அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். அந்த லிஃப்ட் முன்னால் அவன் படுத்துக் கிடந்ததைப் பார்த்தவன் நான்.

ஆக, யாரையாவது அமர்த்தும் முன் நான் இப்போது கேட்பதெல்லாம் இவைதான். அறைக்குள் நான் உட்காரலாமா? இலக்கை யார் தீர்மானிப்பது? பிள்ளை 'வேண்டாம்' என்று கையைத் தட்டிவிட்டால் என்ன செய்வீர்கள்? எண்ணிக்கைத் தாளை எனக்குக் காட்டுவீர்களா? குணப்படுத்திவிடுவோம் என்று யாராவது சொன்னால் அடுத்த கேள்வி கேட்காமல் எழுந்துவிடலாம். மராத்திப் பெண்ணிடம் எனக்குப் பிடித்தது இன்னொன்று. "சும்மா இருக்க வேண்டும்" என்று நான் ஒரு இலக்கைச் சொன்னபோது சிரித்தார். செத்தவரால் செய்ய முடிகிற எதுவும் நடத்தை அல்ல என்று லிண்ட்ஸ்லி என்ற அறிஞர் ஒரு சோதனை வைத்திருக்கிறாராம். பேசாமல் இருப்பது, அசையாமல் இருப்பது, ஓடாமல் இருப்பது மூன்றிலும் பிணம் முதல் மார்க் வாங்கிவிடும். அதற்குப் பதில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள் என்றார். 'சும்மா இரு' முருகன் ஞானிகளுக்குச் சொன்ன உபதேசம். நாலு வயசுப் பிள்ளைக்கு எதற்கு?

கையை இன்றும் உதறுகிறான். பாலத்துக்குக் கீழே வண்டி ஊதிக்கொண்டு போனால் இரண்டு கையும் பறக்கும். சமயத்தில் நானும் உதறுகிறேன்.

இப்போது நடப்பது முடி வெட்டும் வேலை. இதுவரை தூங்கும்போதுதான் ஆச்சி கத்தரிப்பாள், எலி கடித்த மாதிரி இருக்கும். ஒன்பது படி போட்டிருக்கிறோம். கடை வாசலைக் கடந்து போவது, வாசலில் நிற்பது, பெஞ்சில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து மெஷின் சத்தம் கேட்பது, இப்படி. ஒவ்வொரு படியிலும் அவன் "போலாம்" என்று சொன்னால் உடனே கிளம்பிவிட வேண்டும். போன வாரம் மூன்றாவது படியில் நாற்பது விநாடி உட்கார்ந்துவிட்டு "போலாம்" என்றான், வந்துவிட்டோம். அடுத்த முறை ஒரு நிமிஷம் பத்து விநாடி. நாலாவது படி, மெஷினை அணைத்த நிலையில் அவன் கையில் கொடுப்பது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதெல்லாம் ஆகாது. கடைக்காரர் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். நோட்டில் இன்னும் ஆறு பக்கம் பாக்கி. புதுசு ஒன்று வாங்க வேண்டும்.